பிரேக் பிடித்தால் வலது, விட்டால் இடது

மலேசியாவில், தாப்பாவிலிருந்து கேமரன் மலையில் இருக்கும் ரிங்லெட்டுக்குப் போகும் 59ஆம் எண் சாலை 45 கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். ஏறும்போது சோதனைக்கு ஆளாவது எஞ்சின், இறங்கும்போது பிரேக். என் பட்டறை தாப்பாவில் இருப்பதால், மலையில் இறங்கிச் சூடேறிய பிரேக்குகள் மாதத்துக்கு இரண்டு மூன்றாவது வரும். பெரும்பாலும் அரை நாளில் முடிகிற வேலை. இங்கே எழுதுவது அப்படி முடியாத ஒன்றைப் பற்றி. 2024 மே மாதம் தொடங்கி மூன்று வாரம் இழுத்தது. அதில் நான் செய்த தவறும் உண்டு, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காடி (கார்) 1996ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா இஸ்வாரா, 1.3 எஞ்சின், கையால் கியர் மாற்றும் வகை. முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு), பின்னால் டிரம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. புதிதாக வாங்கிய நாள் முதல் ஒரே ஆளின் கையில். இந்த விவரம் முக்கியம். நம் நாட்டில் சொந்தக் காடியைப் பெயர் மாற்றும்போதுதான் சோதனைக்குக் கொண்டுபோகிறோம். 28 ஆண்டு ஒரே பெயரில் இருந்தால், பிரேக்குக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்காமலே 28 ஆண்டு ஓடிவிடும்.

சொந்தக்காரருக்கு வயது 71. தோட்டத்தில் முதலில் ரப்பர்ப் பால் லோரி ஓட்டினார், ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு குலை லோரி. அவர் மனைவி முப்பது ஆண்டு பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மகளை ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை பேரனைப் பார்க்க மேலே போய் வருவார்கள். போகும்போது அரிசியும் கருவாடும், வரும்போது பின்சீட் நிறையக் காய்கறியும்.

நடந்தது இது. ஏப்ரலில் ஒரு ஞாயிறு மாலை இறங்கிக்கொண்டிருந்தபோது, லத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சிக்குச் சற்று முன்னால் பிரேக் மெத்தென்று ஆனது. மிதித்தால் பஞ்சில் மிதித்தது போல இறங்கியது. இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்ததும் கொஞ்சம் பிடித்தது. இரண்டாவது கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கையும் மெல்ல இழுத்து, நீர்வீழ்ச்சிக் கடைகள் இருக்கும் திருப்பத்தில் ஓரம் கட்டிவிட்டார். முன் இடது சக்கரத்திலிருந்து கருகல் வாடை. அங்கே இருந்த ஒரு பையன் நல்ல எண்ணத்தோடுதான் போத்தல் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி. (யாரும் இதைச் செய்யாதீர்கள். பழுக்கச் சுட்ட வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் நெளியும், சில சமயம் விரிசலே விழும். நிழலில் நிறுத்தி, தானாக ஆற விடுவதுதான் வழி.) ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பிரேக் கல் மாதிரி இருந்திருக்கிறது. மெதுவாகத் தாப்பா வந்து சேர்ந்தார்கள்.

என்னிடம் வருவதற்கு முன் வேறொரு பட்டறைக்குப் போயிருக்கிறார். அங்கே டிஸ்கைப் பிடிக்கும் பேட்டுகளைப் புதிதாகப் போட்டார்கள். அடுத்த வாரமும் அதே கதை என்றதும், மிதிப்பதை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் பம்பை மாற்றினார்கள். பிரேக் கீழே போனால் மாஸ்டர் பம்ப் என்பது எல்லாருக்கும் முதலில் தோன்றுவதுதான், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதற்குப் பிறகும் சரியாகாதபோது அவரிடம் சொன்னது: “உங்களுக்கு வயசாயிருச்சு ஐயா, மலையில பிரேக்குலயே காலை வெச்சிக்கிட்டு இறங்குறீங்க.”

அவர் என்னிடம் இதைச் சொன்னபோது குரல் மாறிவிட்டது. பத்து டன் குலையோடு மண்சாலைச் சரிவுகளில் இருபது ஆண்டுக்கு மேல் இறங்கிய மனிதர். “எந்தக் கியர்ல ஏறினியோ அந்தக் கியர்லயே இறங்குன்னு எனக்கு லோரி கத்துக்கொடுத்தவரு சொன்னாரு தம்பி. நான் அதை மீறினதே இல்ல” என்றார். அதை நான் நம்பினேன். நம்பியும் என்ன, அதே பேச்சில் அவர் சொன்ன இன்னொரு வாக்கியத்தைக் காதில் வாங்காமல் விட்டுவிட்டேன்.

முதல் தடவை நான் பார்த்தது

காடியைத் தூக்கி நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். முன் இடது பேட் இரண்டே வாரத்தில் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. வலது பேட் புதிது போலவே இருந்தது. இடது டிஸ்கில் நீலமும் ஊதாவும் கலந்த திட்டுகள், அளவுக்கு மீறிச் சூடானதற்கு அடையாளம். பேட்டை டிஸ்கோடு அழுத்தும் காலிப்பரை அசைத்துப் பார்த்தால், அது வழுக்கி நகர வேண்டிய இரண்டு பின்களில் (ஆணிகளில்) கீழ்ப்பின் இறுகிப்போயிருந்தது. ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் இறங்கி, கிரீஸ் காய்ந்து, லேசான துரு.

சரி, பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். பின் இறுகினால் காலிப்பர் திரும்ப நகராது. பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும், சூடு வரும், பிரேக் எண்ணெய் கொதிக்கும். பின்னைச் சுத்தம் செய்து, சூட்டைத் தாங்கும் கிரீஸ் போட்டு, புது உறை மாட்டினேன். ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். எந்தக் குறையும் தெரியவில்லை. கொடுத்தனுப்பினேன்.

பத்தாவது நாள் அவர் திரும்பி வந்தார். இந்தத் தடவை மலைக்குப் போகவே இல்லை. பக்கத்து ஊரான பீடோருக்குக் கல்யாணத்துக்குப் போய் வந்ததிலேயே இடது சக்கரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டிருக்கிறது.

ஒரு குறையைக் கண்டுபிடித்ததும் அதுதான் முழுக் காரணம் என்று எடுத்துக்கொண்டேன். பழைய காடியில் எங்கே தொட்டாலும் ஏதாவது ஒரு குறை அகப்படும். அகப்பட்டதெல்லாம் நாம் தேடி வந்த குறையாகிவிடாது. தவிர, சூடேற இருபது நிமிடம் பிடிக்கும் நோயை ஐந்து நிமிடம் ஓட்டிச் சோதித்திருக்கிறேன்.

அவர் முதல் நாளே சொன்னது

இந்தத் தடவை ஸ்பானரைத் தொடுவதற்கு முன் அவரை உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். முதல் நாள் சொன்னதையே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார்.

“பிரேக் பிடிச்சா வலது பக்கம் இழுக்குது தம்பி. காலை எடுத்தா இடது பக்கம் இழுக்குது. கொஞ்ச நேரத்துல சரியாயிடும். மலையில மட்டும் சரியாவறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துருது.”

இந்த ஒரு வாக்கியத்தில் முழு நோயும் இருக்கிறது. காலிப்பர் பின் இறுகியிருந்தால், அல்லது பேட்டைத் தள்ளும் பிஸ்டன் இறுகியிருந்தால், பிடிக்கும்போது எந்தப் பக்கம் இழுத்தாலும் விட்ட பிறகு இப்படிப் பக்கம் மாறுவது அபூர்வம். பிடிக்கும்போது வலது பக்கம் இழுக்கிறது என்றால் இடது சக்கரம் பிரேக் பிடிக்கத் தாமதிக்கிறது. விட்டதும் இடது பக்கம் இழுக்கிறது என்றால் அதே இடது சக்கரம் பிரேக்கை விடவும் தாமதிக்கிறது. பிடிக்கவும் தாமதம், விடவும் தாமதம். அப்படியானால் எண்ணெய் போய் வரும் வழியில் எங்கோ நெருக்கடி. மாஸ்டர் பம்புக்கும் காலிப்பருக்கும் நடுவே உள்ள வழியில் வளைந்து கொடுக்கிற, நாள்பட்டால் கெடுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான்: முன்சக்கரத்து ரப்பர் ஹோஸ்.

இருந்தாலும் ஊகத்தை வைத்துப் பொருள் மாற்ற இன்னொரு தடவை எனக்கு மனம் வரவில்லை. அவர் ஏற்கனவே இரண்டு தடவை பணத்தைக் கொட்டியிருக்கிறார்.

அழுத்தம் எங்கே தங்குகிறது

டிஸ்க் பிரேக்கில் பேட்டைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் எதுவும் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. மிதிக்கும்போது அது லேசாகத் திருகிக்கொள்கிறது. காலை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி அளவுக்கு உள்ளே இழுக்கிறது. அவ்வளவுதான் விலகல். அந்த மெல்லிய இழுப்புக்கு எண்ணெய் வழிவிட வேண்டும். மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளுவதோ காலின் பலமும், அதற்கு உதவும் சர்வோவின் பலமும் சேர்ந்தது. சாதாரணமாகப் பிரேக் பிடித்தாலே டயர்க் காற்றைப் போலப் பத்து மடங்குக்கு மேல் அழுத்தம். ஆகவே வழியில் ஒரு அடைப்பு இருந்தால், போகும்போது எண்ணெய் முட்டி மோதிப் போய்விடும். திரும்பி வரத்தான் பலம் இருக்காது.

எண்ணெய் இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறதா, இருந்தால் எங்கே என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதில் வரிசைதான் எல்லாம்.

முதலில் நோயை வரவழைக்க வேண்டும். ஐயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பீடோர் போய்த் திரும்பினேன். போக வர 28 கிலோமீட்டர் இருக்கும். சாலைச் சந்திப்பு விளக்குகளில் சாதாரணமாக நின்று, அவசரமில்லாமல் ஓட்டினேன். திரும்பும் வழியில் அவர் சொன்ன இழுப்பு ஸ்டியரிங்கில் அப்படியே தெரிந்தது. பட்டறைக்குள் நுழைந்ததும் சூடு பார்க்கும் கருவியை நான்கு சக்கரத்துக்கும் காட்டினேன். முன் இடது 186 டிகிரி, முன் வலது 84. பின் டிரம் இரண்டும் 50க்கு மேல் சொச்சம். இந்தக் கருவி பளபளக்கும் இரும்பில் உண்மையான சூட்டைவிடக் குறைத்துத்தான் காட்டும். அதனால் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் காட்டி, வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். நூறு டிகிரி வித்தியாசத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பின் டிரம்களின் எண்ணும் ஒரு செய்தி சொன்னது. இந்தக் காடியில் பிரேக் வழி குறுக்காகப் பிரிந்திருக்கிறது. முன் இடதும் பின் வலதும் ஒரு சோடி, முன் வலதும் பின் இடதும் இன்னொரு சோடி. மாஸ்டர் பம்பில் எண்ணெய் திரும்பும் துளை அடைத்துக்கொண்டிருந்தால், முன் இடதோடு சேர்ந்து பின் வலதும் சுட்டிருக்க வேண்டும். அது ஆறியே இருந்தது. புது மாஸ்டர் பம்பின் மேல் இருந்த சந்தேகம் அப்போதே பாதி போய்விட்டது.

ஜேக்கில் தூக்கி, ஸ்டேண்டில் நிறுத்தினேன். வலது சக்கரம் கையால் தள்ளினால் ஒன்றரைச் சுற்று ஓடியது. இடது சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத்தான் திருப்ப முடிந்தது. இப்போது மேலே, மாஸ்டர் பம்பிலிருந்து கிளம்பும் குழாயின் நட்டைத் துணி சுற்றி அரைத் திருப்பு இளக்கினேன். இரண்டு சொட்டு வடிந்தது. சக்கரத்தைத் திருப்பச் சொன்னேன். ஐயா திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அப்படியே இறுக்கம். அப்படியென்றால் அழுத்தம் மேலே இல்லை. நட்டை இறுக்கிவிட்டுக் கீழே வந்து, காலிப்பரின் காற்று எடுக்கும் நிப்பிளில் ரப்பர்க் குழாய் மாட்டி, முனையைப் போத்தலுக்குள் விட்டு, கால் திருப்பு இளக்கினேன். காலை எடுத்து எத்தனையோ நிமிடம் ஆன பிறகும் எண்ணெய் சர்ரென்று பீய்ச்சியது, கறுப்பாக. அதே நொடியில் ஐயாவின் கையில் இருந்த சக்கரம் தானாக உருண்டது.

“விட்டுருச்சு தம்பி!” என்றார்.

நிப்பிளை முதலில் திறந்திருந்தால் என்ன ஆகும்? அப்போதும் சக்கரம் விடுபடும். ஆனால் குறை மாஸ்டர் பம்பில் இருந்தாலும் விடுபடும், ஹோஸில் இருந்தாலும் விடுபடும். இரண்டில் எது என்று தெரியாமல் சாட்சியை நாமே அழித்துவிட்டு, மறுபடியும் பீடோர் வரைக்கும் ஓட்ட வேண்டும். மேலிருந்து கீழாக வரவேண்டும் என்பது இதற்காகத்தான். மேலே திறந்து விடுபட்டால் மாஸ்டர் பம்ப், அல்லது அதைத் தள்ளும் தண்டின் அளவு. மேலே திறந்து விடுபடாமல் நிப்பிளில் விடுபட்டால் நடுவழி. இரண்டிலும் விடுபடாவிட்டால் எண்ணெயில் குறையில்லை, இரும்பு இறுகியிருக்கிறது: பிஸ்டனையும் பின்னையும் பாருங்கள்.

இந்தச் சோதனையைச் சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும். மாட்டிக்கொண்ட எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து திரும்பிவிடும். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் கொண்டுவந்தால் நான்கு சக்கரமும் சுகமாகச் சுற்றும். இந்தக் காடி முதல் தடவை என்னிடம் வந்ததும் ஒரு காலை வேளையில்தான். கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பீய்ச்சுவது சுடுகிற எண்ணெய்.

வெட்டிப் பார்த்த ஹோஸ்

கழற்றிய ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெடிப்பு இல்லை, உப்பல் இல்லை. நடுவில் அதைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டையின் விளிம்பில் மட்டும் துரு. ஒரு முனையில் வாயை வைத்து ஊதச் சிலர் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள், பிரேக் எண்ணெய் விஷம். நான் கூர்கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன்.

பிரேக் ஹோஸ் ஒரே குழாய் இல்லை. உள்ளே எண்ணெய் ஓடும் மெல்லிய ரப்பர்க் குழல், அதைச் சுற்றி நெய்த நூல், அதற்கு மேல் வெளி ரப்பர். இப்போதைய ஹோஸ்களில் உள்குழல் பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். துரு பிடித்த பட்டைக்கு அடியில் வந்ததும் வெட்டிய இடம் விரிந்தது. துரு உப்பி, பட்டையே ஹோஸை நெரித்திருந்தது. அந்த இடத்தில் உள்குழல் நூலிலிருந்து பிரிந்து, நகத்தளவு நாக்கு ஒன்று காலிப்பர் பக்கமாகச் சாய்ந்து நின்றது. விரலால் கீழே தள்ளினால் படுத்தது. எதிர்ப்பக்கமிருந்து தள்ளினால் எழுந்து வழியை அடைத்தது. வீட்டுக் கதவு ஒரு பக்கம் மட்டும் திறப்பது போல.

ஐயாவோடு அவர் மனைவி, அம்மாவும் வந்திருந்தார். கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பட்டை காஞ்ச மரம் மாதிரிப்பா” என்றார். “வெளிய பார்த்தா நல்ல மரம். கத்தி போட்டாத்தான் தெரியும், பால் இறங்காது.”

வெட்டு வாய் காய்ந்துபோகும் அந்த நோயை நானும் சின்ன வயதில் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். இதைவிடச் சரியாக எனக்குச் சொல்ல வராது.

வலது பக்கத்து ஹோஸையும் பிறகு பிளந்து பார்த்தேன். நாக்கு இல்லை. ஆனால் பட்டைக்கு அடியில் துளை பாதியாகச் சுருங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் இதே நிலைக்கு வந்திருக்கும்.

எண்ணெய் ஏன் கொதித்தது

ஹோஸ் சக்கரத்தை உரச வைத்தது. ஆனால் லத்தா இஸ்கந்தரில் அவர் காலுக்கு அடியில் பிரேக் இல்லாமல் போனதற்கு எண்ணெயும் சேர்ந்தே காரணம்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. டாட் 3 என்ற தரத்து எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 விழுக்காடு ஈரம் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டாட் 4க்கு இதே எண்கள் 230, 155. காலிப்பருக்குள் இருக்கும் எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழ் வரும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதிப்பதெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும். ஆறினால் குமிழ் மறையும், பிரேக் திரும்பி வரும். ஒரு மணி நேரத்தில் கல் மாதிரி ஆனது அதனால்தான். மாஸ்டர் பம்ப் கெட்டிருந்தால் ஆறின பிறகு இவ்வளவு நன்றாகத் திரும்பாது, விளக்கில் நிற்கும்போதும் கால் மெல்ல இறங்கும்.

மேலே, மாஸ்டர் பம்புக்கு எண்ணெய் ஊற்றும் டப்பாவில் பார்த்தால் எண்ணெய் தெளிந்த மஞ்சளாக, புத்தம் புதிதாக இருந்தது. மாஸ்டர் பம்ப் மாற்றியபோது ஊற்றியது. நிப்பிளில் வந்ததோ கோப்பி ஓ, அதாவது பால் ஊற்றாத காப்பியின் நிறம். புது எண்ணெய் மேலேயே நின்றுவிட்டது. கொதிக்கும் இடமான காலிப்பருக்குள் இருந்தது எத்தனை ஆண்டுப் பழையதோ. டப்பாவைத் திறந்து பார்த்து எண்ணெய் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

மலையின் பலத்தை ஒரு கணக்கில் சொல்கிறேன். ஆளும் சாமானுமாக 1,250 கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், அதற்காகத்தான் சின்ன கியரில் இறங்குகிறோம். மிச்சம் நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போக வேண்டும். இங்கே ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டு தன் பங்குக்கு மேல் வாங்கியது. சூட்டில் எண்ணெய் விரிந்தது, திரும்ப வழியில்லாததால் பேட்டை இன்னும் இறுக்கியது, இறுக்கம் இன்னும் சூட்டைக் கொடுத்தது. வளைவுக்கு வளைவு இது ஏறிக்கொண்டே போனது. ஐயா எவ்வளவு பதமாக இறங்கியிருந்தாலும் இது நடந்திருக்கும்.

செய்த வேலை

முன் ஹோஸ் இரண்டும், பின் ஹோஸ் இரண்டும் புதிது. ஒரே வயதுப் பொருளில் ஒன்றை மட்டும் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கும் சேர்ந்து அவர் ஏற்கனவே மாற்றிய மாஸ்டர் பம்பின் விலைக்கு வரவில்லை. காலிப்பரோடு ஹோஸைச் சேர்க்கும் போல்ட்டின் செப்பு வளையங்களையும் மாற்றினேன். பழையதைத் திரும்பப் போட்டால் கசியும். முன் காலிப்பர் இரண்டுக்கும் ரப்பர் செட். இடது டிஸ்க் சூட்டில் கெட்டிருந்ததால் இரண்டு டிஸ்கும், பேட்டும் சோடியாகப் புதிது. பின் இடது சக்கரத்துச் சின்ன பம்பில் ஈரக் கசிவு இருந்தது, அதையும் மாற்றி, பின் டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் ஷூக்களைச் சரிக்கட்டினேன்.

பிறகு எண்ணெய். டாட் 4 போட்டேன், இது டாட் 3 போட்ட அமைப்பில் ஒத்துப்போகும். பெயர் பக்கத்தில் இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள், அது சிலிக்கோன், இதனோடு சேராது. எஞ்சின் எண்ணெய், ஸ்டியரிங் எண்ணெய் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது, எல்லா ரப்பரும் ஊதிப்போகும். தூரத்தில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிப்பிளிலும் புது எண்ணெயின் நிறம் வரும் வரைக்கும் விட்டேன். ஐயாதான் உள்ளே உட்கார்ந்து மிதித்தார். “மிதிங்க, பிடிங்க, விடுங்க” என்று அரை மணி நேரம். மாஸ்டர் பம்ப் புதிது என்பதால் கவலை இல்லை. பழைய பம்பாக இருந்தால் மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைப்பேன். தினமும் போகாத ஆழத்துக்கு பிஸ்டன் போனால் அங்கே உள்ள துரு ரப்பரைக் கிழித்துவிடும்.

இறுகிய பழைய குழாய் நட்டுகளைச் சாதாரண ஸ்பானரில் திருப்பினால் முனை மழுங்கிவிடும். குழாய் நட்டுக்கென்றே வாய் திறந்த ஒரு ஸ்பானர் உண்டு, அது இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஹோஸை இடுக்கியால் நெரித்து எண்ணெயை நிறுத்தும் பழக்கமும், பேட் மாற்றும்போது காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடும் பழக்கமும் நம் பட்டறைகளில் இருக்கின்றன. இரண்டும் உள்குழலைக் கொல்லும். ஒரு துண்டுக் கம்பியில் காலிப்பரைக் கட்டித் தொங்கவிட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

மலையில்

பீடோர் போய்த் திரும்பிய சோதனையில் இடது 79, வலது 81. அது போதாது என்று எனக்குப் பட்டது. குறை காட்டிய இடத்திலேயே பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு அவர்கள் மேலே போனபோது நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்.

இறங்கும்போது அவர் ஓட்டியதைக் கவனித்தேன். வளைவுக்கு முன்பே கியர் இறங்கிவிடும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, உடனே முழுசாக விட்டுவிடுவார். வருடிக்கொண்டே வருவதில்லை. அந்தக் காலை யாரோ குறை சொன்னார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

லத்தா இஸ்கந்தரில் நிறுத்தச் சொல்லிக் கருவியைக் காட்டினேன். இடது 133, வலது 128. மிதி கெட்டியாக இருந்தது. ஓராங் அஸ்லி (பூர்வகுடி) பெண்மணி ஒருவர் பெட்டாய்க் காய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு கட்டு வாங்கினார். ஐயா காடியை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே சமவெளிக்கு வந்ததும் நேர்ச்சாலையில் ஒரு தடவை அழுத்திப் பிடித்தார், விட்டார். ஸ்டியரிங்கை விரல் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தார். காடி கோடு போட்டது போல வந்தது.

“பார்த்தியா?” என்றார், என்னிடம் இல்லை, அம்மாவிடம்.

டப்பா மூடியில் எண்ணெய் மாற்றிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்து 2026 ஜூனில். ஆகஸ்டிலும் நவம்பரிலும் பசியாற ஊருக்குள் வந்த வழியில் பட்டறைக்கு வந்தார், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒன்றரைச் சுற்று.